எட்டாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு

ஜனவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் வாண்டுவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் மறைக்காமல் எழுது.

"தம்பி சம்சாரத்துக்குப் போய் யாராவது கடுதாசி எழுதுவாங்களா? போன் எதுக்கு இருக்கு?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார். "போன்ல பேசினா நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடுறதுதான் சார் கேக்கும்" என்றேன். தம்பி காணாமல் போன முதல் வருடம், அவன் கூப்பிட்டால் கிடைக்க வேண்டும் என்று நம் இரண்டு வீட்டு போனையும் தொடாமல் வைத்திருந்தோமே, அப்போது வந்த பழக்கம். போகாமல் ஒட்டிக்கொண்டது.

இந்த மாதத்தோடு ஐந்து வருடம். மின்கம்பி வேலைக்கு மூன்று நாளில் வருகிறேன் என்று பஸ் ஏறியவன், வழியில் டீ குடிக்க இறங்கினான். பை மட்டும் போய்ச் சேர்ந்தது. இதை எழுதும்போது பேனா நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

ஆபீஸில் புதுச் சங்கதி. அமைச்சர் தனக்கு வேண்டியதைச் சொல்வார், அதைச் சட்டமாக வரைந்து கொடுப்பது எங்கள் துறை. இந்த வருடத்திலிருந்து முதல் வரைவைக் கணினி எழுதுகிறது. செயற்கை நுண்ணறிவாம். முழுப்பெயர் மூன்று வரி வரும். நாங்கள் 'மாப்பிள்ளை' என்கிறோம். வந்த நாளிலிருந்து கேட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், அது உட்கார்ந்த இடத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறது.

அதற்குக் கொடுத்த முதல் வேலை, காணாமல் போனவர்கள் சட்டம். இப்போது ஏழு வருடம் செய்தி இல்லையென்றால்தான் இறந்ததாக அறிவிப்பார்கள். அதை நான்காகக் குறைக்கப் போகிறார்கள். வரைவை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு. கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு இருக்கைக்கு வந்தேன்.

தம்பி செருப்புக்கு எண்ணெய் போட்டாயா? அவன் கல்யாணத்துக்கு நான் அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னது. தோல் காய்ந்தால் வெடித்துவிடும். வெயில் படாத இடத்தில் வை.

வாண்டுவின் கன்னத்தைக் கிள்ளியதாகச் சொல்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்நீர்த் துணி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் சுகம். வாண்டுவுக்கு நான்கு நாள் காய்ச்சல். இப்போது இல்லை. எங்கள் தையல் கூடத்துக் கட்டிங் மாஸ்டர் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

செருப்புக்கு எண்ணெய் போட்டேன். அது யாருடையது என்று வாண்டு கேட்டாள். அப்பாவுடையது என்றேன். "இல்ல, அது அத்தையோடது. அத்தைதான அதை எப்பப் பாத்தாலும் விசாரிக்கிறாங்க" என்றாள். அவள் ஒரு வயதில் பார்த்த அப்பா. சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கூடத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அக்டோபரில் வெளிநாட்டில் புதுக் கூடம் திறக்கிறார்கள். சீருடைப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக என்னைப் போகச் சொல்கிறார்கள். கட்டிங் மாஸ்டரும் போகிறார். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வாண்டுவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க அப்பா கையெழுத்து வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். படிவம் திரும்பி வந்துவிட்டது. பார்க்கலாம்.

நீங்கள் எழுதிய சட்டம் எப்போது வரும்? சும்மாதான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்,
சின்னவள்


பிப்ரவரி 15

அன்புள்ள சின்னவளுக்கு,

வாண்டுவின் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? இங்கே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். ஆபீஸ் கேன்டீனில் அவர் சொல்லாமலே குறைத்துவிட்டார்கள்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. யாரிடமும் சொல்லாதே.

மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த வரைவு மேசைக்கு வந்தது. காணாமல் போனவர் என்ற சொல் வேறு எந்தெந்தச் சட்டத்தில் வருகிறது என்று பதினான்கு சட்டங்களைத் தேடி எடுத்து, முட்டாமல் மோதாமல் கோத்திருக்கிறது. நான் செய்தால் மூன்று மாதம் ஆகும். அதற்கு ஒரு மத்தியானம். எட்டாம் பிரிவில்தான் அந்த நான்கு வருடம். படித்துப் பார்த்தேன். சட்டம் வரும் அன்றைக்கே நம் தம்பி கணக்கில் இறந்துபோவான்.

நான் சும்மா இருப்பேனா? அந்தப் பிரிவில் நான்காவதாக ஓர் உட்பிரிவு சேர்த்தேன். 'இச்சட்டம் வருமுன் காணாமல் போனவர்களுக்குப் பழைய ஏழு ஆண்டுகளே பொருந்தும்.' மனிதர்கள் எதைச் சேர்த்தாலும் மாப்பிள்ளை அடியில் மஞ்சள் கோடு போட்டு, 'காரணம்' என்று ஒரு கட்டத்தைத் திறக்கும். என்ன எழுதுவது என்று யோசித்தேன். அதற்குள் 'காரணத்தை நான் எழுதித் தரவா?' என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். பின்னோக்கிச் செயல்படும் சட்டங்களின் ஆபத்து, குடும்பங்களின் நியாயமான எதிர்பார்ப்பு என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தது. எனக்கே நம்பத் தோன்றியது. என் பிடிவாதத்துக்கு இவ்வளவு அளவாகச் சட்டை தைத்துக் கொடுக்கும் என்று நினைக்கவில்லை. செயலாளர் படித்துவிட்டு, "பிரமாதமா யோசிச்சிருக்கீங்கம்மா" என்றார்.

ஆக, இன்னும் இரண்டு வருடம் தம்பியை யாரும் தொட முடியாது. உனக்கும் மனம் நிம்மதியாக இருக்கும்.

வரைவு அடுத்த மாதம் வெளியாகும். பொதுமக்கள் மனு அனுப்பலாம். ஆயிரக்கணக்கில் வரும். மாப்பிள்ளைதான் எல்லாவற்றையும் படித்துப் பிரித்து எண்ணிச் சொல்லும். மனிதர்கள் யாரும் படிப்பதில்லை.

செருப்பு பத்திரம்தானே? வெயில் காலம் வருகிறது.

உப்பில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கும்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

செய்தி கண்டேன். எங்களுக்காக நீங்கள் இவ்வளவு செய்திருக்கிறீர்கள்.

இங்கே குழாய் ரிப்பேர். கட்டிங் மாஸ்டர் வந்து சரி செய்தார். வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. செருப்பு பத்திரம்.

மாத்திரையை மறக்காதீர்கள்,
சின்னவள்


ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்தது. கடிதமா, மருந்துச் சீட்டா? முன்னால் நான்கு பக்கம் எழுதுவாய், எந்த ஊசி எப்படி முறிந்தது என்பதுவரை. உடம்பு சரியில்லையா? வேலை அதிகமா? அந்த வெளிநாட்டு வேலை என்ன ஆயிற்று? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்க மறந்துவிட்டேன்.

வரைவு வெளியாகிவிட்டது. மனுக்கள் வந்து குவிகின்றன. மாப்பிள்ளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. எங்களுக்கு வேலை இல்லை. பக்கத்து மேசைக்காரர் குறுக்கெழுத்துப் போடுகிறார்.

செருப்பின் வார் இறுக்கமாக இருந்தால் எண்ணெயை விரலால் தேய்த்து விடு. துணியால் தேய்த்தால் உள்ளே இறங்காது.

பதில் போடு, நீளமாகப் போடு,
அக்கா


மே 6

அன்புள்ள சின்னவளுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நீயும் குழந்தையும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்கும் குறையொன்றும் இல்லை.

மனிதர்கள் யாரும் மனுக்களைப் படிப்பதில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். அது தவறாகிவிட்டது. சட்டமன்றக் குழு போன மாதம் ஒரு விதி போட்டது. மொத்த மனுக்களிலிருந்து மாப்பிள்ளை இருபதைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். பெயரையும் ஊரையும் அதுவே எடுத்துவிடும். வரைவுக்குப் பொறுப்பானவர் அவற்றைக் குழுவின் முன் உரக்க வாசிக்க வேண்டும். அந்தப் பொறுப்பானவர் நான். மனுக்கள் மொத்தம் 6,412. நான்காம் உட்பிரிவுக்கு எதிராக மட்டும் 1,903. அது வேண்டும் என்று ஒன்றுகூட வரவில்லை.

பதினேழாவது மனுவை இங்கே எழுதுகிறேன். அரசு இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டிருப்பதுதான், ரகசியம் இல்லை.

'ஐயா, இதை மெஷின்தான் படிக்கும் என்று தெரிந்தவர் சொன்னார். அதனால் எழுதுகிறேன். எட்டாம் பிரிவில் நான்காம் உட்பிரிவை எடுத்துவிடவும். என் கணவர் போய் ஐந்து வருடம் மூன்று மாதம். அவர் இல்லை என்று எனக்கு இரண்டாம் வருடமே தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. அவருடைய செருப்பை வெயில் படாத இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுகிறேன். அவருக்காக இல்லை. அவருடைய அக்கா வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். அவர் நல்லவர். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சட்டம் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது.'

வாசித்தேன். குழுவில் பதினொரு பேர். என் குரல் மாறவில்லை. எனக்கே அது தெரிந்தது. தலைவர், "அடுத்தது" என்றார். பதினெட்டாவது மனுவை எடுத்து வாசித்தேன். அது ஒரு பாட்டு வாத்தியார் எழுதியது, எழுத்துப்பிழை நிறைய. பிறகு கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று நினைவில்லை.

யாரோ ஒரு பெண். எங்கே இருக்கிறாளோ. நீ என்ன நினைக்கிறாய்? அந்த உட்பிரிவை எடுத்துவிடலாமா?

உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பை அனுப்புவேன்,
அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று இனி எண்ணாகவே எழுதுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு என்ன தெரியும்? மெஷின் என்று நம்பி எழுதிவிட்டாள். தைக்கும்போது சில நேரம் மெஷினோடு பேசுவோம், அது மாதிரி. மனிதர் கையில் போகும் என்று தெரிந்திருந்தால் அந்தச் செருப்புப் பேச்சை எடுத்திருக்க மாட்டாள். அதை அவளுடைய அக்கா படித்திருப்பாரோ என்று அவளுக்கு இப்போது சாப்பாடு இறங்காது.

அவளுக்கு வேறு ஒன்றும் பேராசை இருக்காது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்று இருக்கும். போகும் இடத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கலாம். இருந்தாலும் அவள் அவரிடம் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டாள். முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று இருந்திருப்பாள்.

எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எடுக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். அவர் உங்கள் தம்பி. நீங்கள் இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

இந்தத் தடவை நீங்கள் செருப்பைப் பற்றி விசாரிக்கவில்லை.

வாண்டு முத்தம் கொடுக்கச் சொன்னாள்,
சின்னவள்


ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

ரத்த அழுத்தம் 150/95. எண்ணாகவே எழுதிவிட்டேன். நீங்கள் இருவரும் சுகம்தானே?

நான்காம் உட்பிரிவை எடுத்துவிட்டேன். எடுத்தாலும் மாப்பிள்ளை காரணம் கேட்கிறது. 'எழுதித் தரவா?' என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று அழுத்துவதற்குள் எழுதியும் விட்டது. சேர்த்தபோது எவ்வளவு அழகாக எழுதியதோ, எடுக்கும்போதும் அவ்வளவு அழகு. குடும்பங்களின் நியாயமான எதிர்பார்ப்பு என்ற அதே சொற்கள் இரண்டிலும் இருக்கின்றன. அதை அழித்துவிட்டு, 'தவறு என்னுடையது' என்று எழுதினேன். 'இதை விரிவாக்கவா?' என்றது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

"இவ்வளவு நல்லா எழுதினதை ஏன்மா எடுக்கிறீங்க?" என்று செயலாளர் கேட்டார். "சார், அது யாருக்கு வேணும்னு நான் கேக்கவே இல்லை" என்றேன்.

அந்தப் பெண்ணின் அக்காவை எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொள். பிடிவாதக்காரிதான். ஆனால் அவள் செருப்பைப் பார்க்க வரவில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று கீழே பார்த்தாள். அது இவ்வளவு வேலையாகப் போய்விட்டது.

வருத்தமா என்று கேட்டால், இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஜூன் கடைசிக்குள் அவர்களுக்குச் சரி என்று சொல்லிவிடு,
அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

சட்டம் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கூடத்தில் கட்டிங் மாஸ்டர் வாசித்துக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு படிவம் இதோடு இருக்கிறது. மனைவியும் ரத்த உறவில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் இடத்தில் நான் போட்டுவிட்டேன். உங்களுக்கு இரண்டு இடத்தில் தையல் சாக்கட்டியால் குறி வைத்திருக்கிறேன். விரலால் தட்டினால் போய்விடும். மனமில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். கேட்க மாட்டேன்.

வாண்டுவுக்குப் புதுப்பல் வருகிறது.

சின்னவள்


செப்டம்பர் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம், நலமே விழைகிறேன். படிவம் இதோடு வருகிறது. இரண்டு இடத்திலும் போட்டிருக்கிறேன். சாக்கட்டிக் குறியைத் தட்டவில்லை, அது இருக்கட்டும்.

சட்டத்தோடு அந்தப் படிவத்தையும் எங்கள் துறைதான் வரைந்தது, அதில் ஒரு வாக்கியம் என்னுடையது. 'அவர் உயிருடன் இருப்பதாக நான் நம்பவில்லை' என்று மாப்பிள்ளை எழுதியிருந்தது. 'அவரைப் பற்றி நான்கு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் நான் கேள்விப்படவில்லை' என்று மாற்றினேன். நம்பவில்லை என்று யாரையும் எழுத வைக்கக் கூடாது. காரணம் கேட்டது. 'கையெழுத்துப் போட வேண்டியவர்களில் நானும் ஒருத்தி' என்றேன். இந்த முறை எழுதித் தரவா என்று கேட்கவில்லை. மஞ்சள் கோடு தானாகப் போய்விட்டது.

கையெழுத்துப் போட்டபோது பேனா மை விட்டு விட்டு வந்தது. உதறிவிட்டுப் போட்டேன். அவ்வளவுதான். பிறகு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னலோரம் கொடுத்தாள்.

ஒன்று கேட்கிறேன். நீ மூட்டை கட்டும்போது செருப்பை எங்கே வைப்பது என்று யோசிக்காதே. எனக்குப் பார்சல் செய்துவிடு. என் வீட்டிலும் வெயில் படாத இடம் இருக்கிறது. எந்த எண்ணெய் என்று மட்டும் எழுது. ஐந்து வருடமாகப் போட்டாயா என்று கேட்டேனே தவிர, எது என்று கேட்கவில்லை.

கட்டிங் மாஸ்டருக்கு என் விசாரிப்பைச் சொல்,
அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்த வரியை எழுதும்போது முதல் தடவையாக யோசித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படிவத்தைக் காட்டியதும் வாண்டுவின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். திருப்பி அனுப்பவில்லை. உங்கள் விசாரிப்பைச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

பார்சல் இன்று போட்டேன். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்தான், அக்கா. கையில் அதுதான் இருந்தது. தோலுக்கு அது ஆகாது என்று பிறகு ஒருவர் சொன்னார். அதற்குள் இடது கால் வாரில் வெடித்துவிட்டது, மூன்று வருடமாகிறது. நீங்கள் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பேன். பார்சலில் அப்படி வைக்க முடியவில்லை. பிரித்தவுடன் அதுதான் மேலே தெரியும்.

சின்னவள்